கோடிட்ட இடத்தில் ஒரு நாடு

– அந்த நாற்காலி வேண்டாம் மேடம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இந்தப் பக்கம் உட்காருங்க.

– என்ன அத்தான், மேடம்ங்கறீங்க? காலையில எங்க அக்கா கையால ஒரே மேஜையில உட்கார்ந்து சாப்பிட்டுட்டுத்தானே வந்தோம்?

– மெதுவா பேசு, கதவு திறந்திருக்கு. வீட்டுல நான் உனக்கு அத்தான். இந்த மூணாவது மாடியில நான் வெளிநாட்டு முதலீட்டுப் பிரிவு அலுவலர், நீங்க விண்ணப்பதாரர். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு.

– சரிங்க சார். விண்ணப்பதாரர் கேக்கறேன், என் சான்றிதழ் எங்க?

– எந்தச் சான்றிதழ்?

– அத்தான்!

– சரி, சரி. நட்பு நாட்டுச் சான்றிதழ். பைல் இங்கதான் இருக்கு. பைலுக்குக் காலா முளைச்சிருக்கு, ஓடிப்போக?

– அதுதான் என் வயித்தெரிச்சல். பதினாலு மாசமா நகராம இங்கதான் இருக்கு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள மந்திரி கையெழுத்து ஆகி, உங்க ரிஜிஸ்டர்ல ஏறி, ஒரு நம்பர் விழணும். அந்த நம்பரைச் சொன்னாத்தான் எரிவாயு ஆபீஸ்ல வால்வைத் திறப்பாங்க. இல்லேன்னா எங்க பெரிய இன்ஜினியர் ஆறு மணி விமானத்துல ஏறி அவர் நாட்டுக்குப் போயிடுவாரு. பெட்டியைக் கட்டி உலைக்கு முன்னாடி வச்சு, அந்தப் பெட்டி மேலயே உட்கார்ந்திருக்காரு மனுஷன்.

– ஒரு அடுப்பைப் பத்த வைக்க இவ்வளவு அவசரமா?

– அடுப்புன்னு சொல்லாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியாச்சு? அது கண்ணாடி உலை. ஒரு தடவ பத்த வச்சா பத்து வருஷம் அணைக்கக் கூடாது. பகல், ராத்திரி, லீவு நாள், தேர்தல் நாள் எதுவும் அதுக்குக் கிடையாது. நடுவுல அணைஞ்சா உள்ள உருகிக் கிடக்கற கண்ணாடி மொத்தமும் பாறையா இறுகிடும். அப்புறம் கடப்பாரை போட்டு உலையையே உடைச்சு அள்ள வேண்டியதுதான்.

– பத்து வருஷமா?

– பத்து வருஷம். அதனாலதான் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க, பத்து வருஷத்துக்கு எங்க நாடு உங்களுக்கு நட்பு நாடுதான்னு ஒரே ஒரு காகிதம் குடுங்க, பத்த வச்சிடறோம்ங்கறாங்க. தப்பா கேக்கறாங்களா?

– தப்பில்ல. ஆனா இந்தக் கட்டடத்துல பத்து மாசம் தாண்டின ஆட்சியே கிடையாது. என் தலைக்கு மேல பாருங்க, மந்திரி படம் மாட்டற ஆணி. மாட்டி மாட்டிக் கழட்டி ஓட்டை பெருசாயிடுச்சு. இப்பல்லாம் மந்திரியை மாட்டறதில்ல, கீழ சாத்தி வைக்கறோம்.

– உங்க ஆணிக் கதையை ராத்திரி சாப்பாட்டுக்கு வச்சுக்கலாம். மருந்து ஊத்தற குட்டிக் குப்பி செய்ய நூத்தி நாப்பத்திரெண்டு பேரை எட்டு மாசம் பயிற்சி குடுத்துத் தயார் பண்ணி வச்சிருக்கேன். தலைமுடி அளவு கீறலா இருந்தாலும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துச் சொல்லிடற கண்ணு அவங்களுக்கு. அதுல முதல் ஆளா தேறினது யாரு?

– தெரியும், தெரியும்.

– வாயால சொல்லுங்க.

– என் வீட்டுக்காரி. போதுமா? எனக்குத் தெரியாம இருக்குமா? டம்ளரை எடுத்தா ஜன்னல்கிட்ட கொண்டுபோய் ஒரு கண்ணை மூடிப் பார்க்கறா. இதுல குமிழி, இதுல கீறல்னு இதுவரைக்கும் நாலு டம்ளரைத் தள்ளுபடி பண்ணிட்டா. நான் செம்புல தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கேன்.

– நாப்பத்தேழு வயசுல ஒரு தொழிலைக் கத்துக்கிட்டு வந்திருக்கா. அவளுக்கு இன்னிக்கு ராத்திரி என்ன பதில் சொல்லப் போறீங்க?

– என்கிட்ட ஏன் கோபப்படறீங்க? முட்டுக்கட்டை நானா? பட்டியல்னு ஒண்ணு இருக்கே! டைப்பிஸ்டம்மா, கொஞ்சம் உள்ள வாங்க. இன்னிய தேதிக்கு நட்பு நாடு பட்டியல் எது?

– காலை லிஸ்டா, மத்தியான லிஸ்டா சார்?

– பார்த்தியா? பார்த்தீங்களா மேடம்?

– காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணா? இது என்ன மாத்திரையா?

– உனக்கு நான் சொல்றேன் கண்ணு. முப்பத்தோரு வருஷமா இந்த மேஜையில உட்கார்ந்து அடிச்சுக்கிட்டிருக்கேன், என்கிட்ட கேளு. இந்தக் கட்டடத்துல கிழக்குப் பக்கம் முழுக்க ஒரு கட்சி, மேற்குப் பக்கம் முழுக்க இன்னொரு கட்சி. ரெண்டும் ஒட்டிக்கிட்டிருந்தாத்தான் ஆட்சி. கிழக்குக்கு ஏழு நாட்டுக் கூட்டணியைப் பிடிக்கும். மேற்குக்கு ஒன்பது நாட்டுக் கூட்டணியைப் பிடிக்கும். கிழக்கு கை ஓங்கினா ஏழும் நட்பு. மேற்கு முறுக்கிக்கிட்டா ஒன்பதும் நட்பு. ரெண்டு பேரும் ராசியா இருந்தா பதினாறும் நட்பு.

– அப்படி எப்பவாவது நடந்திருக்கா?

– நடந்திருக்கு. ஒரு வியாழக்கிழமை.

– எங்க கம்பெனி நாடு எதுல வருது?

– ஏழுல வருது. அதனால காலை லிஸ்ட்ல இருக்கு, மத்தியான லிஸ்ட்ல இல்ல.

– அந்த மத்தியான லிஸ்டைப் போட்ட புண்ணியவான் யாரு?

– மேற்குப் பக்கத்து மந்திரி. போன வாரம் ஒன்பது நாட்டுக்காரங்க விருந்துக்குப் போயிட்டு வந்தாரு. வரும்போது கையில ஒரு உறை குடுத்து அனுப்பியிருக்காங்க. உள்ள அவங்களோட நட்பு நாடு பட்டியல் ஒண்ணு, நட்பற்ற நாடு பட்டியல் ஒண்ணு. ரெண்டையும் அப்படியே நம்ம தாள்ல அடிச்சுக் குடுங்கன்னாரு. நட்பற்றது மட்டும் இருபத்தொரு பேரு. எனக்கென்ன கண்ணு, அடிக்கச் சொன்னா அடிக்கிறேன். அடிச்சேன். அவரு கைபேசியில பேசிக்கிட்டே கையெழுத்தைப் போட்டாரு.

– படிச்சுக்கூடப் பார்க்காமலா?

– போடறவரே படிக்கல, அடிக்கறவ படிக்கணுமா? நான் படிக்க ஆரம்பிச்சிருந்தா இந்த முப்பத்தோரு வருஷத்துல எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்.

– இப்ப புரியுதா மேடம், நாங்க எந்த நிலைமையில வேலை பார்க்கறோம்னு? அதுக்குத்தான் நான் ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்கேன். இந்த வரைவைப் படிங்க. சத்தமாவே படிங்க.

– “புள்ளி புள்ளி புள்ளி ஆகிய நாடு, நம் நாட்டின் நிரந்தர நட்பு நாடு என இதனால் சான்றளிக்கப்படுகிறது.” என்ன அத்தான் இது? நாட்டுப் பேரு எங்க?

– அங்கதான் இருக்கு சூட்சுமம். முன்னெல்லாம் பேரைப் போட்டுத்தான் அனுப்புவோம். பைல் மூணாவது மாடியிலேர்ந்து ஆறாவது மாடிக்கு ஏறதுக்குள்ள அந்த நாடு வேண்டாத நாடாயிடும். வேண்டாத நாட்டை நிரந்தர நட்புன்னு எழுதின அதிகப்பிரசங்கி யாருன்னு மெமோ வரும். மூணு மெமோ வாங்கினேன். நாலாவது வர்றதுக்குள்ள யோசிச்சேன். பேரை எடுத்தேன், கோட்டைப் போட்டேன். கையெழுத்து ஆன பிறகு, அந்த நிமிஷத்துப் பட்டியலைப் பார்த்து நிரப்பிக்க வேண்டியதுதான்.

– அப்ப நிரந்தரம்ங்கறதை அச்சடிச்சிடுவீங்க, யாருங்கறதை மட்டும் அப்புறம் பார்த்துக்குவீங்க.

– சிரிக்காதீங்க. இன்னிக்குப் பதினோரு துறையில என் கோடுதான் நடைமுறை. எனக்குப் பாராட்டுக் கடிதமே வந்திருக்கு.

– அந்தக் கடிதத்துலயும் உங்க பேரு வர வேண்டிய இடத்துல கோடுதான் சார் இருந்துச்சு.

– டைப்பிஸ்டம்மா, உங்களுக்கு வெளிய வேலை ஒண்ணும் இல்லையா?

– இருக்கு சார். போறேன். கூப்பிட்டீங்கன்னுதான் வந்தேன்.

– அத்தான், நான் கையெடுத்துக் கும்பிடறேன். கோடோ, புள்ளியோ, என்ன எழவோ, கையெழுத்து வாங்கிக் குடுங்க. இந்தச் சான்றிதழுக்காக நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நிலம் கிழக்குப் பக்கத்து இலாகா, மின்சாரம் மேற்குப் பக்கத்து இலாகா. கம்பம் நட்டது ஒரு கட்சி, கம்பி இழுக்கறது இன்னொரு கட்சி. ஏழு மாசம் கம்பம் மட்டும் நின்னுச்சு. கேட்டா, கம்பிங்கறது கொள்கை முடிவுங்கறாங்க.

– அது கூட்டணி தர்மம்.

– எது? இருட்டுல உட்கார்றதா?

– இப்படி நக்கலாப் பேசித்தான் மந்திரியோட முதலீட்டாளர் மாநாட்டுல உனக்கு... உங்களுக்கு மைக்கை நிறுத்தினாங்க.

– என்ன நக்கல் பண்ணினேன்? “நட்புக்கு எல்லை கிடையாது, நேரம் காலம் கிடையாது”ன்னு முக்கால் மணி நேரம் முழங்கினாரு. அப்ப எங்க காகிதத்துல தேதி போட்டுக் குடுங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான்.

– தேதி கேக்கலாமா? தேதிங்கறது எவ்வளவு பெரிய விஷயம்!

– சார்! சார்!

– என்னம்மா, இப்பத்தானே போனீங்க?

– மாடிப்படியில நாற்காலி இறங்குது சார்.

– யார் நாற்காலி?

– சுழல் நாற்காலி. தோல் போட்டது. ஆறாவது மாடி, கிழக்குப் பக்கம். அது பின்னாடியே ஜன்னல் திரைச்சீலை வருது. மேற்கு ஆதரவை வாபஸ் வாங்கிடுச்சாம். நாலு மணிக்கு ராஜினாமா.

– என்ன சொல்றீங்க? இந்த ஆட்சி வந்து ஒரு மாசம்கூட முடியலையே!

– அத்தான், இப்ப மணி என்ன?

– ரெண்டு அம்பது. இனிமே என்ன மணி பார்த்து என்ன? ஆட்சி போச்சு. புது ஆட்சி வந்து, புது மந்திரி வந்து, புது ஆணி அடிச்சு...

– நாலு மணி வரைக்கும் அவர் மந்திரிதானே?

– சட்டப்படி பார்த்தா மந்திரிதான். ஆனா...

– ஆனா கீனா ஒண்ணும் வேண்டாம். எடுங்க பைலை. ஓடுங்க.

– ஓடறதா? பைல் முறைப்படி உதவிச் செயலர்கிட்ட போகணும், அவர் குறிப்பு எழுதணும், அங்கேர்ந்து இணைச் செயலர்கிட்ட போகணும், அவர் அந்தக் குறிப்பைப் பார்த்தேன்னு ஒரு குறிப்பு எழுதணும். நடைமுறைன்னு ஒண்ணு...

– அக்காவுக்கு போன் போடறேன்.

– எதுக்கு?

– “உன் வீட்டுக்காரர் கையில பைல் இருந்துச்சு, மூணு மாடி ஏற சோம்பல்பட்டுக்கிட்டு விட்டுட்டாரு, நீ போய் வேலைக்குப் போட்டுக்கக் குடுத்த வெள்ளைக் கோட்டைத் திருப்பிக் குடுத்துடு”ன்னு சொல்றதுக்கு.

– வை. போனைக் கீழ வை. டைப்பிஸ்டம்மா, சீல் எங்க? மை டப்பா எங்க? லிப்ட் வேலை செய்யுதா?

– லிப்ட்ல பீரோ ஏத்தி வச்சிருக்காங்க சார். படியில போங்க. வலது பக்கமா போங்க, இடது பக்கம் சோபா வருது.

– வழி விடுங்க! பைல்! பைல் வருது! வழி விடுங்கப்பா!

– போயிட்டாரு. நீங்க உட்காருங்கம்மா. அவரு திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உயிர் தங்காது, யாராவது பக்கத்துல பேசிக்கிட்டிருந்தா நல்லது.

– நீ அந்த ஆட்டம் ஆடற நாற்காலியில உட்காராதே கண்ணு, இதுல உட்காரு. உன்னை மாதிரி எத்தன பேரைப் பார்த்திருக்கேன் தெரியுமா? ஆறு வருஷம் முன்னாடி ஒன்பது நாட்டுல ஒண்ணு, சைக்கிள் கம்பெனி போட வந்துச்சு. அப்ப மேற்கு கை ஓங்கியிருந்த நேரம். முதல்ல கேட்டு வச்சாங்க. பெரிய இரும்புக் கேட்டு, ரெண்டு ஆள் உயரம். கேட்டுக்கு மாலையெல்லாம் போட்டாங்க. மறுவாரம் ஆட்சி மாறிடுச்சு.

– அப்புறம்?

– அப்புறம் என்ன? கேட்டுக்குப் பின்னால ஒண்ணும் வரல. இன்னிக்கும் வெட்டவெளி. ஆனா காவலாளி மட்டும் இருக்காரு. காலையில எட்டு மணிக்குத் திறக்கறாரு, சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பூட்டறாரு. சுத்தி சுவரே கிடையாது. கேட்டுக்குப் பக்கத்துல நடந்து உள்ள போகலாம். ஆனா உள்ள போறவங்களைக் கூப்பிட்டு, கேட்டு வழியா வாங்கன்னு சத்தம் போடறாரு.

– என் உலைக்கும் அதுதான் கதியா? நாலாயிரம் செங்கல்லும்மா. ஒவ்வொண்ணும் அந்த நாட்டுலேர்ந்து வைக்கோல் சுத்தி வந்தது. எந்தச் செங்கல்லுக்குப் பக்கத்துல எந்தச் செங்கல்னு நம்பர் போட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினா பெரிய இன்ஜினியர் பிரிச்சுட்டுத் திரும்ப வைக்கச் சொல்வாரு. தன் வீட்டைக்கூட அப்படிக் கட்டியிருக்க மாட்டாரு. முதல் நாள் வந்தப்போ என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. “பத்து வருஷம் யாரும் கைவைக்காம இதை எரிய விடுவீங்களா”ன்னு. நானும் வீராப்பா தலையாட்டிட்டேன்.

– உன் நூத்தி நாப்பத்திரெண்டுல எண்பத்தாறாம் நம்பர் யாருன்னு தெரியுமா?

– தெரியும். கொஞ்சம் குள்ளமா, மேஜைக்குக் கீழ பலகை போட்டு நின்னு வேலை பார்க்கற பொண்ணு.

– என் மருமக.

– சொல்லவே இல்லையேம்மா!

– சொன்னா சிபாரிசுன்னு நினைப்பே. தானா தேறட்டும்னு இருந்தேன். தேறிட்டா. வீட்டுல ஒரே அட்டகாசம். நான் அடிச்ச தாளை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சு, மூணாவது வரியில பிழைங்கறா. வாய் பேச ஆரம்பிச்சிட்டா கண்ணு, அதுவே எனக்குப் போதும். இந்த வேலை கிடைக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசினது கிடையாது.

– மூணே கால் ஆயிடுச்சு.

– வருவாரு. உங்க அத்தான் வாய்தான் நடைமுறை. வீட்டுக்காரி பேரைச் சொன்னா பறப்பாரு.

– மூணு இருபத்தஞ்சு.

– அதோ, படியில செருப்பு சத்தம். ஒத்தச் செருப்பு. இன்னொண்ணு எங்கயோ விழுந்திடுச்சு போல.

– ஆச்சு! ஆச்சு! தண்ணி... யாராவது தண்ணி குடுங்க.

– அத்தான், கையெழுத்து?

– ஆச்சுன்னு சொல்றேனே! மந்திரி அறையில மேஜை இல்ல. எடுத்துட்டுப் போயிட்டாங்க. நடுவுல தனியா நிக்கறாரு மனுஷன், கையில ஒரு பூந்தொட்டி. சார், ஒரு கையெழுத்துன்னேன். “இது என்ன”ன்னாரு. நட்பு நாடு சார்னேன். “இன்னும் எனக்கு நண்பன் யாருய்யா இருக்கான்”னாரு. பூந்தொட்டியை என்கிட்ட குடுத்துட்டு, மூட்டை தூக்க வந்தவரைத் திரும்பச் சொல்லி, அவர் முதுகுல தாளை வச்சுப் போட்டுக் குடுத்துட்டாரு. சீலும் வச்சாச்சு. இந்தா, பாரு. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு பைல் ஒரே நாள்ல மேல போய்க் கீழ வந்திருக்கு!

– அத்தான், நீங்க தெய்வம். குடுங்க... அத்தான்.

– என்ன?

– கோடு அப்படியே இருக்கு.

– கோடு அப்படியேதான் இருக்கும். நிரப்பலையே இன்னும்.

– மந்திரி கையெழுத்துப் போட்டு, சீலும் வச்சு, நாட்டுப் பேரு இல்லாமலா?

– அதுதானே என் முறை! சொன்னேனே!

– சரி, பேனா எடுங்க. எழுதுங்க.

– நானா? கையெழுத்தான தாள்ல அலுவலர் தன் கையால ஒரு எழுத்து எழுதினா அது திருத்தம். திருத்தத்துக்கு மந்திரி சுருக்கொப்பம் போடணும். மந்திரி இந்நேரம் பூந்தொட்டியோட காருல ஏறியிருப்பாரு.

– அப்ப யாருதான் நிரப்பணும்?

– சார், தாளுக்கு அடியில சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு பாருங்க. “கோடிட்ட இடத்தை விண்ணப்பதாரர் தம் கையெழுத்தில் நிரப்புக.”

– அந்த வரியை யாரு போட்டது?

– நீங்கதான் சார். கோடு விட்ட படிவம் ஒண்ணு மாதிரிக்கு வேணும்னு கேட்டீங்க. நூலக உறுப்பினர் படிவத்தைக் குடுத்தேன். அதே மாதிரி அடிங்கன்னீங்க. எனக்கென்ன, அடிச்சேன். அதுக்குக் கீழ “அட்டை தொலைந்தால் மறு அட்டை வழங்கப்படமாட்டாது”ன்னுகூட இருக்கு.

– பதினோரு துறைக்கும் இதுதானா போயிருக்கு?

– பதினோரு துறைக்கும் இதுதான் சார்.

– அப்ப நானே எழுதலாம். சட்டப்படியே எழுதலாம். பேனாவைக் குடுங்க. எங்க கம்பெனி நாட்டுப் பேரை... இருங்க, போன் அடிக்குது. பெரிய இன்ஜினியர்தான். ஹலோ சார்! கையெழுத்தாயிடுச்சு சார்! ஆமா, சீலோட! நீங்க பெட்டியைப் பிரிச்சிடலாம்... என்ன? ... எப்போ? ... யாரு முடிவு பண்ணினது? ... இல்ல சார், இங்க காகிதம் கையில இருக்கு சார்... உங்களைச் சொல்லல சார்... அழாதீங்க சார்... புரியுது... சரி சார். போயிட்டு வாங்க.

– என்னாச்சு?

– அத்தான், ஒரு நிமிஷம் என்கிட்ட பேசாதீங்க.

– தண்ணி குடி கண்ணு. குடிச்சிட்டுச் சொல்லு.

– அவங்க பிரதமருக்கு இன்னிக்கு நம்பிக்கை வாக்கெடுப்பாம். ஏழு நாட்டுக் கூட்டணிக்கு விசுவாசம் காட்டணுமாம். அதனால, ஒன்பது நாட்டு விருந்துக்குப் போன நாடு எதுலயும் அவங்க நாட்டுக் கம்பெனிங்க முதலீடு போடக் கூடாதுன்னு மத்தியானம் உத்தரவு போட்டிருக்காங்க. நம்ம மேற்கு மந்திரி போய்ச் சாப்பிட்டுட்டு வந்தாரே, அந்த விருந்து.

– ஆனா அவங்க நாடு நமக்கு நட்பு நாடாச்சே!

– நமக்கு அவங்க நட்பு நாடு. அவங்களுக்கு நாம இனிமே இல்ல. பதினாலு மாசமா நாம ஒரு பக்கத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்திருக்கோம் அத்தான்.

– அநியாயமா இருக்கே! ஒரு மனுஷன் போய் விருந்து சாப்பிட்டதுக்கா? அந்த ஆளு சும்மா கிடைச்சா எங்கயும் போவாரு. கொள்கைக்காகவா போனாரு?

– உலை என்ன கண்ணு ஆகப் போகுது?

– பிரிச்சு எடுக்க நேரமில்லையாம். நாலாயிரம் செங்கல்லை ஆறு மணி விமானத்துலயா ஏத்த முடியும்? இங்க இருக்கற கம்பெனிக் கிளையை எங்க நூத்தி நாப்பத்திரெண்டு பேருக்கும் எனக்கும் எழுதிக் குடுத்துட்டுப் போறாரு. அவருக்கு அந்த அதிகாரம் இருக்கு. உத்தரவு இங்க வந்து சேர்றதுக்குள்ள பத்திரத்தை அனுப்பிட்டேன்னாரு. “பத்த வச்சா பத்து வருஷம், மறந்துடாதே”ன்னாரு.

– ஆக, உலை இருக்கு, பத்த வைக்க வழியில்ல. முடிஞ்சு போச்சு. வா, வீட்டுக்குப் போகலாம். உங்க அக்காகிட்ட நான் என்னத்தைச் சொல்றது...

– ஏன் வழியில்ல?

– கம்பெனிதான் போயிடுச்சே.

– மணல் கிடங்கு நிறைய இருக்கு. குழாய் வாசல் வரைக்கும் வந்தாச்சு. எட்டு மாசம் படிச்ச ஆளுங்க வாசல்ல நிக்கறாங்க. ஆஸ்பத்திரிங்க குப்பி கேட்டு எழுதின கடிதம் என் மேஜையில கிடக்கு. சான்றிதழ் இருக்கு, மந்திரி கையெழுத்து இருக்கு, நிரந்தரம்னு அச்சுல இருக்கு. இல்லாதது ரெண்டே ரெண்டு. உங்க ரிஜிஸ்டர் நம்பர் ஒண்ணு, அந்தக் கோட்டுல ஒரு பேரு ஒண்ணு.

– எந்தப் பேரை எழுதுவே? ஏழு நாட்டுல ஒண்ணை எழுதினா அவங்க வேண்டாம்ங்கறாங்க. ஒன்பதுல ஒண்ணை எழுதினா இவங்க... பாப்பா! என்ன எழுதறே? நில்லு! மையில எழுதிட்டியா?

– எழுதிட்டேன்.

– காட்டு... நம்ம நாடா? நம்ம நாட்டுப் பேரையா எழுதியிருக்கே?

– ஆமா.

– “நம் நாடு, நம் நாட்டின் நிரந்தர நட்பு நாடு.” என்ன பாப்பா இது?

– தப்பா?

– தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா...

– எந்த விதியில இருக்கு அத்தான், நம்ம நாடு நமக்கு நட்பு நாடா இருக்கக் கூடாதுன்னு?

– விதியில... விதித் தொகுப்பு முழுக்க எனக்கு மனப்பாடம். அப்படி எங்கயும் இல்ல.

– இருபத்திரெண்டு வருஷமா இந்த அறையில உட்கார்ந்திருக்கீங்க. எத்தன முதலீட்டைத் தூக்கி நிறுத்தினீங்க?

– ஒரு கேட்டு.

– ஒண்ணே ஒண்ணுக்கு நம்பர் போடுங்க. அதுவா எரிஞ்சுக்கிட்டிருக்கும். ஆட்சி மாறும், லிஸ்ட் மாறும், உங்க ஆணியில யார் யாரோ தொங்குவாங்க. யாராலயும் அதை அணைக்க முடியாது. அணைச்சா பாறை. அதைத் தொட எவனுக்கும் தைரியம் வராது.

– டைப்பிஸ்டம்மா.

– சார்.

– கதவைச் சாத்துங்க. ரிஜிஸ்டரை எடுங்க, மந்திரி ராஜினாமாவுக்கு முன்னாடி ஏறியாகணும். மணி என்ன?

– மூணு அம்பது சார்.

– பாப்பா, இத்தனை வருஷமா இந்த ஆபீஸ்ல நான் யாருக்கும் அத்தானா இருந்தது கிடையாது. இன்னிக்கு இருக்கேன். உங்க அக்காகிட்ட நீயே சொல்லு, என் வீட்டுக்காரர் சும்மா இல்லேன்னு அவளும் ஒரு நாள் சொல்லிக்கட்டும். எழுதுங்கம்மா. சான்றிதழ் எண் நானூத்திப் பதினாறு. விண்ணப்பதாரர், கண்ணாடிக் குப்பித் தொழிலகம். நாடு, நம் நாடு.

– எழுதிட்டேன் சார்.

– நம்பர் விழுந்தாச்சா? நான் எரிவாயு ஆபீஸுக்கு போன் போடவா அத்தான்?

– பொறு, பொறு. அடுத்த கட்டம் ஒண்ணு இருக்கு. “பட்டியல் வரிசை எண்.” அதை நிரப்பாம என் கையெழுத்து செல்லாது. காலை லிஸ்டைப் பாருங்கம்மா, நம்ம நாடு எத்தனாவது?

– காலை லிஸ்ட்ல இல்ல சார்.

– மத்தியான லிஸ்ட்?

– அதுலயும் இல்ல.

– ஐயோ அத்தான், நம்ம பேரை நம்ம லிஸ்ட்ல யாரு போடுவாங்க? நேரம் போகுது!

– பதறாதே. அதுக்கும் நடைமுறை இருக்கு. நட்புல பேரு இல்லேன்னாலும், நட்பற்றதுல பேரு இல்லாத வரைக்கும் பிரிவு அலுவலர் தன் பொறுப்புல “ஆட்சேபணை இல்லை”ன்னு எழுதலாம். பேனாவைத் திறந்துட்டேன் பார். அந்த மூணாவது பட்டியலை ஒப்புக்கு ஒரு தடவை புரட்டிட்டு, இல்லேன்னு சொல்லிடுங்கம்மா.

– எந்தப் பட்டியல் சார்?

– அதுதாம்மா, மேற்கு மந்திரி விருந்துலேர்ந்து உறையில கொண்டு வந்தது.

– அத்தான், மூணு அம்பத்தாறு! நம்ம நாட்டை நம்ம நாட்டுப் பகைப் பட்டியல்ல தேடறீங்களே, உங்களுக்கே இது நல்லாருக்கா?

– எனக்கும் தெரியும் பாப்பா, இருக்காதுன்னு. ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. என்னம்மா, விரல் ஏன் அங்கயே நிக்குது? இல்லேன்னு சொல்லுங்க, எழுதிடறேன்.

– சார்... அது அந்த ஒன்பது நாட்டுக்காரங்க பட்டியல் சார். அப்படியே அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன், நம்ம மந்திரி கையெழுத்தும் போட்டுட்டாரு. பதினேழாவது பேரு நம்ம நாடுதான் சார்.